மெஷின் வேண்டாம்... எழுதாத பேனா போதும்!

புதுமனை புகுவிழா அழைப்பு, வளைகாப்புக்கு மொய்க் கவர், கொலுவுக்குக் கூப்பிட ஒரு சின்ன அட்டை, டீச்சருக்கு ஒரு வாழ்த்து. கையால் செய்து கொடுக்கிற எதிலும் ஒரு பூவோ எழுத்தோ காகிதத்திலிருந்து லேசாக மேலெழும்பி நின்றால், வாங்குகிறவர் படிப்பதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்ப்பார். எம்பாஸிங்குக்கு இருக்கிற மவுசு அதுதான்.

"அதுக்கு மெஷின் வாங்கலாமா அக்கா?" என்று கேட்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்மா. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். அதோடு முடியாது, ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் தனியாக வாங்க வேண்டும். வருஷத்துக்கு நாலைந்து விசேஷத்துக்குக் கவர் செய்கிற நமக்கு, வீட்டில் கிடக்கிற மை தீர்ந்த பேனாவும் பூரிக்கட்டையும் தாராளம்.

முதலில் இதைப் புரிந்துகொள்

காகிதம் என்பது நார்களின் பின்னல். ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் அந்த நார் நகர ஒரு பள்ளம் இருந்தால், அது இழுபட்டு அங்கே போய் உட்காரும். அழுத்தத்தை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும். எம்பாஸிங் என்பது இவ்வளவுதான். பள்ளம் இல்லாமல் எவ்வளவு அழுத்தினாலும் காகிதம் நசுங்குமே தவிர எழும்பாது.

மெஷின் என்ன செய்கிறது? பெரிய அழுத்தம் கொடுக்கிறது. நம் கைக்கு அவ்வளவு பலம் இல்லை, ஆனால் பேனா முனைக்கு உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் முனையில் ஒரு கிலோ அழுத்தம் கொடுக்க ஒரு குழந்தையால்கூட முடியும். அதே அழுத்தத்தைப் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அட்டை முழுவதும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமானால் பத்து டன் எடை தேவைப்படும். மெஷின்கூட அப்படிச் செய்வதில்லை. இரண்டு உருளைகளுக்கு நடுவே அட்டையை அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழுத்துகிறது. ஆகவே நம் வேலை பலத்தைக் கூட்டுவது இல்லை. முனையைச் சின்னதாக்குவது, காகிதத்தை இளக்குவது, அது போக ஒரு பள்ளம் கொடுப்பது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற எல்லா முறைகளும் தானாகப் புரியும்.

எந்தக் காகிதம்?

கடைக்குப் போனால் "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்று கேள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது.

* ஜெராக்ஸ் தாள் (70 முதல் 80): வேண்டாம். பேனா முனை பட்டதும் கிழியும்.
* 120 முதல் 160 வரை: கவர் செய்ய ஏற்றது. மடிக்கவும் வரும், மேடும் நிற்கும். கெட்டியான டிராயிங் தாள்கள் பல இந்த அளவில் இருக்கும்.
* 180 முதல் 220 வரை: அட்டைக்கு இதுதான் சரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் பழகலாம்.
* 300: வாட்டர் கலர் தாள் இந்த அளவில் கிடைக்கும். உலர்ந்த நிலையில் கை வலிக்கும். ஈரம் காட்டினால் அருமையாக எழும்பும்.

எடையைவிட முக்கியம் நார். பருத்தி நார் நீளமானது, இழுத்தால் கொடுக்கும். மரக்கூழ்த் தாள் சீக்கிரம் வெடிக்கும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் தயாராவது போன்ற பருத்திக் கைக்காகிதம் கிடைத்தால் விடாதே, எம்பாஸிங்குக்கென்றே பிறந்த தாள் அது. பளபளப்புப் பூச்சு உள்ள ஆர்ட் பேப்பரையும் லேமினேட் செய்த அட்டையையும் தவிர்த்துவிடு. மேடு எழும்பும் இடத்தில் பூச்சு விரிசல் விடும்.

இன்னொன்று: தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மடிக்காமல் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் கோடு ஓடும் திசைதான் நாரின் போக்கு. அட்டையின் மடிப்பு அந்தப் போக்கிலேயே வரும்படி வெட்டினால் மடித்த இடம் பிசிறாது.

வீட்டிலேயே இருக்கும் சாமான்கள்

* முனைக்கு: மை சுத்தமாகத் தீர்ந்த பால் பாயிண்ட் பேனா. அதன் முனைக் குண்டு 0.7 அல்லது 1 மில்லிமீட்டர்தான். நுணுக்கமான கோடுகளுக்கு அது போதும். தீர்ந்த பேனாவும் திடீரென்று மை கக்கும். அதனால் கழிவுத் தாளில் நன்றாகக் கிறுக்கிப் பார்த்து, முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடு.
* கொஞ்சம் பெரிய முனைக்கு: ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் மழுங்கிய நுனி, குரோஷா ஊசியின் பின்முனை, நெயில் ஆர்ட்டுக்கு விற்கும் இருமுனைப் புள்ளிக் குச்சி. எதுவும் இல்லையா? ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பரில் குண்டுத் தலை உள்ள ஊசியைக் குத்திக்கொள், அந்தத் தலைதான் உன் கருவி.
* மெத்தைக்கு: பழைய மவுஸ் பேட், கைவேலைக் கடையில் விற்கும் ஃபோம் ஷீட், அல்லது நாலாக மடித்த செய்தித்தாள்.
* ஸ்டென்சிலுக்கு: பிளாஸ்டிக் ஃபைலின் அட்டை, பழைய எக்ஸ்ரே ஃபிலிம், பீரோவில் அடுக்கி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள்.
* மற்றவை: காகித டேப், பேப்பர் கட்டர், ஒரு மெழுகுவத்தித் துண்டு, பூரிக்கட்டை, இரண்டு பலகை, கனமான புத்தகங்கள்.

ஸ்டென்சில் வெட்டும் நுணுக்கம்

மேட்டின் உயரம் ஸ்டென்சிலின் கனத்தைப் பொறுத்தது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருந்தால் மேடு கண்ணுக்கும் விரலுக்கும் தெளிவாகத் தெரியும். ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) தனியாக ரொம்ப மெல்லிசு, மேடு பெயருக்குத்தான் வரும். கெட்டியான பத்திரிகை அட்டை இரண்டைப் பசை போட்டு ஒட்டி, புத்தகத்துக்கு அடியில் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டு. உனக்கு வேண்டிய கனம் வந்துவிடும்.

டிசைனைப் பென்சிலால் வரைந்து, கட்டரைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து வெட்டு. வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாதே, அட்டையைத் திருப்பு. ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை அதே கோட்டில் மெதுவாக ஓட்டு. வெட்டிய பிறகு ஓரங்களில் பிசிறு இருந்தால் நகம் தேய்க்கும் அட்டையால் நீவிவிடு. ஸ்டென்சிலின் பிசிறு அப்படியே காகிதத்தில் விழும்.

தமிழ் எழுத்து வெட்டும்போது ஒரு சங்கடம் வரும். ட, ப, ர, ய போன்றவற்றில் மூடிய வட்டம் இல்லை, சுலபமாக வெட்டலாம். அ, ம, ழ போன்றவற்றில் உள்ளே ஒரு சுழி மூடிக்கொள்ளும். எழுத்தை வெட்டியதும் அந்த நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நடுத்துண்டுக்கும் வெளி அட்டைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட்டு வெட்டுவது. இரண்டாவது வழி இன்னும் சுத்தம். வெட்டிய ஸ்டென்சிலை ஓ.எச்.பி. ஷீட் மேல் ஒட்டி, கழன்ற நடுத்துண்டையும் அதன் இடத்திலேயே ஒட்டிவிடு. ஷீட் கண்ணாடி மாதிரி இருப்பதால் வெளிச்சமும் வரும், பாலத்தின் தழும்பும் விழாது. மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பஞ்சிங் மெஷின் ஓட்டை ரொம்பப் பெரிசு. ஒரு ஊசியைக் குத்தி, ஓட்டையைப் பேனா முனையால் கொஞ்சம் அகட்டினால் அளவாக இருக்கும்.

எழுத்து தலைகீழாக வருமோ என்று பயப்படாதே. நாம் அழுத்துவது காகிதத்தின் பின்பக்கத்தில். ஆகவே வேலை செய்யும்போது எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிய வேண்டும். நேராகவே வெட்டிவிட்டு, ஸ்டென்சிலைக் குப்புறத் திருப்பிப் போடு. முடிந்தது. ஓ.எச்.பி. ஷீட்டில் ஒட்டுவதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை. ஸ்டென்சிலின் வெட்டிய பக்கம் காகிதத்தைத் தொட வேண்டும், ஷீட் அடியில் இருக்க வேண்டும். அதனால் எழுத்து மாறித் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி முதலிலேயே பார்த்து ஒட்டு.

முறை 1: ஜன்னல் வெளிச்சமும் பேனாவும்

நேர்த்தியில் முதல் இடம் இதற்குத்தான்.

1. பகலில் ஜன்னல் கண்ணாடி மேல் ஸ்டென்சிலைக் காகித டேப்பால் ஒட்டு. இரவு என்றால் கண்ணாடி டீப்பாய்க்கு அடியில் செல்போன் டார்ச்சை வை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே எல்.இ.டி. விளக்கு வைத்தாலும் சரி. சூடாகும் குண்டு பல்பு மட்டும் வேண்டாம்.

2. காகிதத்தின் நல்ல பக்கம் ஸ்டென்சிலைத் தொடும்படி மேலே வைத்து, மேல் ஓரத்தில் டேப் போடு. டேப்பை முதலில் உன் துணியில் ஒரு தடவை ஒட்டி எடுத்துவிட்டு அப்புறம் ஒட்டினால், பிரிக்கும்போது காகிதத்தின் தோல் உரியாது.

3. பின்பக்கத்தில் மெழுகுவத்தித் துண்டால் ஒரு இழுப்பு லேசாகத் தேய். முனை சிக்காமல் வழுக்கிப் போகும். பின்னால் பசை தடவ வேண்டிய இடம், பேனாவால் எழுத வேண்டிய இடம் இவற்றில் மெழுகு படக்கூடாது.

4. வெளிச்சத்தில் தெரியும் ஓட்டையின் ஓரத்தை மட்டும் பேனா முனையால் பின்தொடர். நடுவில் தேய்க்கவே வேண்டாம். ஓரம் எழும்பினால் நடு தானாக எழும்பும். நடுவைத் தேய்த்தால் காகிதம் சுருங்கித் தொளதொளக்கும்.

5. முதல் சுற்று மெதுவாக, வழி காட்ட மட்டும். இரண்டாவது சுற்றில் அழுத்து. மூலைகளில் சின்ன முனைக்கு மாறு. பேனாவைச் சாய்த்துப் பிடி, நட்டுக்குத்தாகப் பிடித்தால் குத்திக் கிழித்துவிடும்.

6. டேப்பை முழுவதும் எடுப்பதற்கு முன் கீழ் ஓரத்தைத் தூக்கி நல்ல பக்கத்தைப் பார். எங்கே மேடு மங்கலாக இருக்கிறதோ, காகிதத்தை நகர்த்தாமல் மறுபடி படியவிட்டு அங்கே மட்டும் இன்னொரு சுற்று.

கொஞ்சம் பழகிய பிறகு வெளிச்சம்கூடத் தேவைப்படாது. நுனிவிரலால் தடவினாலே ஓட்டையின் விளிம்பு தெரியும். கருப்பு, அரக்கு போன்ற அடர்ந்த நிறத் தாளில் வெளிச்சம் ஊடுருவாது, அங்கே விரல்தான் கண்.

முறை 2: புள்ளிக் கோலம்

ஸ்டென்சில் வெட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது. மவுஸ் பேட் மேல் காகிதத்தைக் குப்புறப் போட்டு, பேனா முனையால் புள்ளி புள்ளியாக அழுத்த வேண்டியதுதான். மெத்தையின் மென்மையே பள்ளமாக வேலை செய்யும். முன்பக்கம் சின்னச் சின்ன முத்துகளாக எழும்பி நிற்கும்.

நம் புள்ளிக் கோலங்கள் இதற்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கும். சமச்சீரான கோலங்களில் இடவலம் மாறினாலும் கோலம் அதேதான், கண்ணாடிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளைப் பின்பக்கம் கிளிப்பில் மாட்டிக்கொண்டு, கட்டத்தின் மூலைகளில் அழுத்தினால் இடைவெளி பிசகாது. நோட்டுத் தாள் கிழிந்தால் போகட்டும். அடியில் இருக்கும் நல்ல தாள் கிழியாமல் பார்த்துக்கொள். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை எடுத்துக்கொண்டால் கவரின் மூலைக்கு அளவாக இருக்கும். புள்ளிகளை நெருக்கி வைக்காதே. இரண்டு மேடுகளுக்கு நடுவே இழுபடக் காகிதம் இல்லாவிட்டால் கிழியும். 2.5 மில்லிமீட்டராவது இடைவெளி விடு.

இந்த இரண்டரை மில்லிமீட்டரை நான் சும்மா சொல்லவில்லை. பார்வையற்றோர் படிக்கும் பிரெயில் எழுத்தில் புள்ளிகளுக்கு இடையே இருப்பது ஏறக்குறைய இந்த அளவுதான், புள்ளியின் உயரமும் அரை மில்லிமீட்டரை ஒட்டியது. லூயி பிரெயில் 1829-ல் தன் முறையை நூலாக வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை அதைக் கையால் எழுதுவது நாம் செய்வது போலத்தான். ஓட்டைகள் கொண்ட சட்டத்துக்குள் கெட்டித் தாளைச் செருகி, கூர் மழுங்கிய கம்பியால் பின்பக்கமிருந்து அழுத்துவார்கள். திருப்பிப் படிக்கும்போது சரியாக வர வேண்டும் என்பதால், எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அந்தச் சட்டமும் கம்பியும் பார்வையற்றோருக்கான உபகரணக் கடைகளில் கிடைக்கும். பார்வையற்ற தோழிக்கு வாழ்த்து அட்டை கொடுக்க நினைத்தால், பூவோடு நிறுத்தாமல் அவள் பெயரையும் தமிழ் பிரெயிலில் அழுத்திக் கொடு. எழுத்துகளைத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு முறை சரிபார்த்துவிடு.

முறை 3: ஈரமும் பூரிக்கட்டையும்

லேஸ், இலை, சணல் கயிறு, பிளாஸ்டிக் கோலத் தட்டு இவற்றின் உருவத்தை முழுசாக எடுக்க வேண்டுமா? அங்கே பேனா உதவாது. காகிதத்தை இளக்கி அழுத்த வேண்டும். பிரெயிலுக்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாரிஸில் வாலண்டின் ஹாய் பார்வையற்ற மாணவர்களுக்காக எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்டபோது ஈரத் தாளைத்தான் பயன்படுத்தினார். ஈரம் பட்டால் நார்களின் பிடி தளரும், காய்ந்தால் புதிய உருவத்திலேயே மறுபடி இறுகும்.

ஈரம் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். நல்ல தாள் மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்காதே, திட்டுத் திட்டாக ஊறும். அச்சிடாத வெற்றுச் செய்தித்தாள் காகிதத்தையோ டிஷ்யூ பேப்பரையோ ஸ்பிரே பாட்டிலால் நனைத்து, நல்ல தாளோடு ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒரு மணி நேரம் வை. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார். கொடியிலிருந்து கொஞ்சம் முன்னதாக எடுத்துவிட்ட பருத்திப் புடவை மாதிரி குளுமையாக இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

இப்போது அடுக்கு: அடியில் பலகை, அதன் மேல் இலை அல்லது லேஸ், அதன் மேல் ஈரத்தாள், நல்ல பக்கம் மேலே பார்த்தபடி. அதன் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணி, கடைசியாக ஃபோம் ஷீட். பூரிக்கட்டையை நடுவிலிருந்து வெளியே நோக்கி, உடம்பின் எடையைக் கொடுத்து மெதுவாக உருட்டு. முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் நகர்ந்து உருவம் இரட்டையாக விழும். நின்றுகொண்டு செய்தால் எடை நன்றாக இறங்கும்.

உருட்டிய பிறகு உடனே பிரிக்காதே. மேலே இன்னொரு பலகை வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் விடு. காய்வதற்குள் எடுத்தால் மேடு தளர்ந்து படுத்துவிடும். ஃபோம் ஷீட் ஈரத்தை வெளியே விடாது, ஆகவே எடை ஏற்றும்போது அதை எடுத்துவிட்டுத் துண்டை மடித்து வை.

இதில் எழுத்து இருந்தால் இடவலப் பிரச்சினை இல்லை என்பதைக் கவனி. உருவம் அடியில், நல்ல பக்கம் மேலே. அட்டையில் வெட்டிய எழுத்தைப் பலகையில் நேராகவே ஒட்டிக்கொள்ளலாம்.

என்னென்ன வைக்கலாம்?

* அரச இலை: நரம்புகள் புடைத்திருப்பது இலையின் அடிப்பக்கத்தில். அந்தப் பக்கம் மேலே பார்க்கும்படி வை. பச்சை இலையின் சாறு கறையாக இறங்கும், புத்தகத்துக்குள் வைத்துப் பாடம் செய்த இலையே நல்லது.
* குரோஷா லேஸ்: கவரின் ஓரத்துக்கு இதைவிட அழகு இல்லை. சாயம் போகாத வெள்ளை லேஸ் எடு.
* சணல் கயிறு: அட்டையில் பசை போட்டுச் சுருள் சுருளாக ஒட்டிக் காயவைத்தால், மாங்காய் டிசைன் தயார்.
* பிளாஸ்டிக் கோலத் தட்டு: பொடி தூவ விட்ட ஓட்டைகளின் ஓரம் நன்றாகப் பதியும்.

சூட்டில் எழும்பும் எழுத்து

கல்யாணப் பத்திரிகையில் வழவழவென்று மை மேடிட்டு நிற்குமே, அது பல சமயம் காகிதம் எழும்பியதால் வருவது இல்லை. ஈர மை மேல் பிசின் பொடி தூவிச் சூடு காட்ட, பொடி உருகி மேடாவது அது. வீட்டிலும் செய்யலாம். எம்பாஸிங் பவுடரும் சீக்கிரம் காயாத மைப்பெட்டியும் கைவேலைக் கடைகளில் கிடைக்கும்.

ரப்பர் முத்திரையை மையில் ஒற்றித் தாளில் பதி, பவுடரைத் தாராளமாகக் கொட்டு, மிச்சத்தைத் தட்டி மறுபடி டப்பாவில் சேர்த்துவிடு. முத்திரை பதிப்பதற்கு முன்னால் தாளில் முகப் பவுடரைத் தொட்டுத் துடைத்துவிட்டால், பொடி தேவையில்லாத இடத்தில் ஒட்டாது. தலை காயவைக்கும் டிரையர் இதற்கு உதவாது. சூடு குறைவு, காற்று அதிகம், உருகுவதற்குள் பொடி பறந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் தட்டுக்குக் கொஞ்சம் மேலே தாளை இடுக்கியால் பிடி. பொடி உள்ள பக்கம் மேலே, சூடு அடியிலிருந்து. சொரசொரப்பு மாறிப் பளபளப்பு வந்ததும் எடுத்துவிடு. ஜன்னலைத் திறந்து வை. இந்த ஒரு முறையைக் குழந்தைகள் கையில் கொடுக்காதே, அடுப்புத் தீயிலும் முயற்சிக்காதே.

வெள்ளை மேல் வெள்ளை: கவனம்!

நிறம் இல்லாத புடைப்பு கம்பீரமானது. ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கண்ணில் படும். 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளியான 'சிந்து தாக்' அஞ்சல் தலைகள் ஆசியாவின் முதல் ஒட்டும் அஞ்சல் தலைகள். அவற்றில் ஒன்று வெள்ளைத் தாளில் நிறமே இல்லாமல் புடைப்பாக அழுத்தியது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியவில்லை என்று நீல நிறத்திலும் கொண்டுவந்தார்கள். அழைப்பிதழ் செய்கிற நமக்கும் அதே பாடம்தான். தேதி, நேரம், முகவரி ஆகியவற்றை மையில் எழுது. பூ, கோலம், ஓர வேலைப்பாடு ஆகியவற்றை மட்டும் எம்பாஸ் செய்.

மேடு எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், தங்க நிற மைப்பெட்டியை மேட்டின் தலையில் மட்டும் லேசாகத் தொட்டு எடு. அல்லது கலர் சாக்பீஸ் பொடியை விரல் நுனியில் எடுத்து மேலாகத் தடவு. விரல் காய்ந்திருக்கட்டும்.

அக்காவின் அவசர டிப்ஸ்

* முதலில் எம்பாஸ், அப்புறம்தான் வெட்டு, மடிப்பு, ஒட்டு. எழும்பும்போது காகிதம் கொஞ்சம் உள்ளிழுக்கும். முன்னாலேயே வெட்டினால் அளவு பிசகும்.
* மொய்க் கவரில் பணம் இருக்கும் வயிற்றுப் பகுதியில் டிசைன் வேண்டாம், நோட்டின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும். மூடும் மடலில் செய்.
* அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம் இல்லையா? குழைத்த மஞ்சளின் ஈரம் மேட்டைத் தளர்த்திவிடும். மூலைகளை வெறுமனே விட்டு, டிசைனை உள்ளே தள்ளி வை.
* பின்பக்கப் பள்ளம் தெரிவது பிடிக்கவில்லையா? இன்னொரு மெல்லிய தாளை ஓரத்தில் மட்டும் பசை தொட்டுப் பின்னால் ஒட்டு. நடுவில் பசை போட்டால் ஈரம் மேட்டை இறக்கிவிடும்.
* தபாலில் அனுப்பினால் முன்பக்கம் ஒரு கெட்டி அட்டை வைத்து அனுப்பு. முத்திரை குத்தும் வேகத்தை நம் கோலம் தாங்காது.
* மழைக்காலத்தில் காற்றின் ஈரமே மேட்டைத் தளர்த்தும். செய்த அட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் நிற்கவைத்து அடுக்கு, ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்காதே.

இப்படி ஆனால் என்ன செய்வது?

*ஓரத்தில் கிழிகிறது:* முனை ரொம்பக் கூர், அல்லது தாள் மெலிது. ஒரு அளவு பெரிய முனைக்கு மாறு. அப்படியும் கிழிந்தால் பின்பக்கம் ஈரப் பஞ்சால் ஒரு ஒற்று ஒற்றி, ஐந்து நிமிஷம் கழித்து அழுத்து.

*மேடு தெரியவே இல்லை:* அழுத்தம் போதவில்லை என்று நினைத்துப் பேனாவைக் குத்தாதே. ஸ்டென்சில் மெலிசாக இருக்கும். இன்னொரு அடுக்கு சேர்.

*முன்பக்கம் பளபளக் கோடு விழுகிறது:* நல்ல பக்கத்தை ஏதோ நேரடியாகத் தேய்க்கிறது. நடுவே மெல்லிய துணியோ டிரேசிங் தாளோ வை.

*அட்டை வளைந்துவிட்டது:* ஒரு பக்கம் மட்டும் நிறைய வேலை செய்தால் அப்படி ஆகும். டிசைனைச் சுற்றியுள்ள வெற்று இடத்தின் மேல் மட்டும் அட்டைத் துண்டுகளை வைத்து, அதன் மேல் புத்தகம் ஏற்று.

எப்போது கையால் செய்யக்கூடாது?

முப்பது நாற்பது அட்டை வரை கை தாங்கும். இருநூறு பத்திரிகை என்றால் விரல் வலிதான் மிஞ்சும். அதற்கு அச்சகத்தில் கொடுத்துவிடு. உலோகத்தில் ஆண் அச்சு, பெண் அச்சு என்று இரண்டு பிளாக் செய்து, நடுவே தாளை வைத்து அழுத்தித் தருவார்கள். பிளாக்குக்கு ஒரு முறை ஆகும் செலவை எண்ணிக்கையால் வகுத்துப் பார். நூறுக்கு மேல் போனால் பெரும்பாலும் கட்டுப்படியாகும். நெருங்கிய சொந்தத்துக்குக் கொடுக்கிற பத்துப் பதினைந்தை மட்டும் கையால் செய்.

இந்த வாரம் வருகிற விசேஷத்துக்கு ஒரே ஒரு மொய்க் கவரில் தொடங்கு. 140 ஜி.எஸ்.எம். தாள், மவுஸ் பேட், எழுதாத பேனா, மடலில் ஐந்து புள்ளிக் கோலம், அரை மணி நேரம். அது கைக்கு வந்துவிட்டால் அடுத்தது ஸ்டென்சில், அதற்கடுத்து ஈரத்தாள். வெட்டிய ஸ்டென்சில்களைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் போட்டு, எந்தத் தாளுக்கு எந்த முனை ஒத்துவந்தது என்று அதன் மேலேயே எழுதி வை. அடுத்த விசேஷத்துக்கு அந்த ஃபைலைத் திறந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.